என் பெயரில் போன செய்தி

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தன்று, சாப்பாடு முடிந்த பிறகு, பொங்கோலில் இருக்கும் அண்ணன் வீட்டின் கூடத்தில் ஆறு பேர் இருந்தோம். அண்ணி. அண்ணியின் தம்பி. என் தங்கச்சி. தங்கச்சியின் மகள். துறைமுகத்தில் அண்ணனோடு பல வருஷம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த நண்பர் ஒருவர். அப்புறம் நான். என் கணவருக்கு வேலை இருந்ததால் படத்துக்குப் பூ போட்டுவிட்டு முன்னாலேயே போய்விட்டார். சடங்கு செய்ய வந்தவரும் தட்சிணை வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தார். வேறு யாரும் இல்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் கேட்டது யார் யார் காதில் விழுந்தது என்பதைப் பிறகு எத்தனையோ தடவை மனசுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே ஆறு பேர்தான் வருகிறார்கள்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. ரத்தம் சுத்தம் செய்ய டயாலிசிஸ் நிலையத்துக்குப் போவதும் வருவதுமாகக் கடைசிக் காலம் கழிந்தது. ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், அப்படியே இருந்தார். எழுப்பினால் எழுந்தார், உட்கார் என்றால் உட்கார்ந்தார். எல்லாருக்கும் செய்தி சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் சொல்கிறேன் என்றேன்.

நான் செகண்டரி டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள். இங்கிலீஷில் எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் சரியா தப்பா என்று பயம். தமிழில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதிவிடுவேன். அண்ணனின் போனில் இருந்த நம்பர்களை என் போனில் ஏற்றி, உறவுக்காரர்கள், அண்ணனோடு வேலை பார்த்தவர்கள், கோயிலில் தெரிந்தவர்கள் என்று எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். இத்தனை மணிக்கு உடலை அண்ணன் வீட்டு அடுக்குமாடிப் புளோக்குக் கீழே கொண்டுவருகிறோம், இத்தனை மணிக்கு மண்டாய் தகனச்சாலைக்கு எடுக்கிறோம். கடைசியில் 'அண்ணியை நினைத்தால் கவலையா இருக்கு' என்று முடித்தேன். நான் எதை எழுதினாலும் அப்படித்தான் முடியும். தங்கச்சி கேலி செய்வாள். "அக்கா, நீ மழை வருதுன்னு மெசேஜ் போட்டாலும் கடைசியில கவலையா இருக்குன்னு போடாம விடமாட்ட."

அன்று மத்தியானமே படம் வேண்டும் என்றார்கள். சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் வைக்க. என் போனில் அண்ணன் பூப்போட்ட பாத்திக் சட்டை போட்டுச் சிரித்தபடி இருக்கும் படம் ஒன்று இருந்தது, நோய்க்கு முன்னால் எடுத்தது. நான் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், படம் அச்சடித்துச் சட்டம் போட்டு உடனே தரும் கடை இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் விமான டிக்கெட் அச்சடிக்கவும் அங்கேதான் வருவார்கள். எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நின்றது.

கடைக்காரர் தலையைத் தூக்காமல் கேட்டார். "படத்த இமெயில்ல அனுப்புங்க ஆன்ட்டி."

"எனக்கு இமெயில் இல்லையே தம்பி."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர்ல உங்க மெசேஜ் ஆப்பத் திறங்க. திரையில கட்டம் வரும். போனைக் காட்டினா போதும்."

காட்டினேன். என் போனில் இருந்ததெல்லாம் பெரிய திரையில் வந்து நின்றது. உறவுக்காரர்கள் பெயர் வரிசையாக, ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் நான் கடைசியாகப் பேசிய பேச்சு. மேலே முதலாவதாக, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாயைத் திறந்தபடி கிடந்த அண்ணனின் படம். காலையில் தங்கச்சிக்கு அனுப்பியது. பின்னால் நின்றவர் பார்க்கிறாரோ என்று உடம்பால் மறைத்துக்கொண்டேன். பாத்திக் சட்டைப் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் எடுத்துக்கொண்டார், பின்னணியை வெள்ளையாக்கினார், அச்சடித்தார்.

பிறகு எனக்கு நிறையக் கவலை வந்தது. படம் சிறியதாக இருக்கிறதோ, மாலை போட்டால் முகம் மறையுமோ, சட்டத்துக் கண்ணாடி ரயிலில் உடையுமோ. சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இறங்கும் வரைக்கும் உட்காராமல் நின்றுகொண்டே போனேன். அந்தக் கம்ப்யூட்டரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

சாவு முடிந்த பிறகு என் போனில் கும்பிடும் கைகள் வந்தபடி இருந்தன. வார்த்தை எதுவும் இருக்காது, இரண்டு மஞ்சள் கைகள் மட்டும் இருக்கும். துக்கம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நானும் பதிலுக்கு இரண்டு கைகளை அனுப்பினேன். யார் அனுப்பினாலும் உடனே அனுப்பினேன், பதில் போடவில்லை என்று யாராவது வருத்தப்படுவார்களோ என்று.

நம்மிடம் சாவு வீட்டுப் பணத்தை வாய்விட்டுப் பேசும் பழக்கம் கிடையாது. கொடுக்கிறவர் நோட்டை மடித்துக் கைக்குள் வைத்து அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவார். வாங்குகிறவர் நன்றி சொல்லமாட்டார், எவ்வளவு என்று பார்க்கமாட்டார். போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற இடம் அது. அதனால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் வந்தது. இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு, மிச்ச வடையை மூடி வைத்துவிட்டு, நாங்கள் ஆறு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். துறைமுக நண்பர் கிளம்புகிற மாதிரி எழுந்தவர், அண்ணி பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"சிஸ்டர், அன்னிக்கு நாங்க அனுப்பினது பத்துச்சா? பத்தலைன்னா கூச்சப்படாம சொல்லுங்க. நம்ம ஷிப்டுல இன்னும் நாலு பேர் போடறேன்னு நிக்கிறாங்க."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "என்ன அனுப்பினீங்க?"

அவர் குரலை இன்னும் இறக்கினார். "காசுதான் சிஸ்டர்." அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்க நாத்தனார்தானே மெசேஜ் போட்டாங்க."

"நானா?" என்றேன்.

அவர் போனை எடுத்துக் காட்டினார். என் பெயர், என் படம். கீழே தமிழில் எழுதியிருந்தது. அண்ணி மிகவும் உடைந்து போயிருக்கிறார், காரியச் செலவுக்குக் கையில் காசு இல்லை, உதவ நினைப்பவர்கள் இந்த நம்பருக்கு அனுப்பவும், அண்ணியிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம், சங்கடப்படுவார். கடைசியில், கவலையா இருக்கு.

அதற்குக் கீழே அவர் அனுப்பிய கும்பிடும் கைகள். அதற்குக் கீழே நான் அனுப்பிய கும்பிடும் கைகள்.

என் போனைத் திறந்து பார்த்தேன். அதே இடத்தில் அந்தச் செய்தி இல்லை. கைகள் மட்டும் இருந்தன, அவருடையது, என்னுடையது.

அண்ணியின் தம்பி எழுந்து வந்தார். "யாரோட நம்பர் இது?"

"பணம் போடறப்ப ஒரு பேர் வந்துச்சு தம்பி," என்றார் நண்பர். "உங்க பேர்னு நெனச்சோம்."

"என் பேரா? என் பேரு என்னன்னு தெரியாதா உங்களுக்கு?"

"எப்படித் தெரியும்? அவர் இருந்த வரைக்கும் மச்சான் மச்சான்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தாரு. நாங்களும் மச்சான்னே கூப்பிட்டுப் பழகிட்டோம்."

தங்கச்சி மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. வேறு சமயமாக இருந்தால் எல்லாருமே சிரித்திருப்போம்.

அண்ணியின் தம்பி என் பக்கம் திரும்பினார். "அக்கா, என்னக்கா இது?"

"நான் எழுதலப்பா."

"நீங்க எழுதலைன்னா உங்க போன் தானா எழுதுச்சா? இதுல கையெடுத்து வேற கும்பிட்டிருக்கீங்க."

"துக்கத்துக்குன்னு நெனச்சேன்ப்பா."

"எல்லாருக்கும் கும்பிட்டீங்களா?"

"வந்தவங்களுக்கெல்லாம் போட்டேன்."

தங்கச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தம்பி பேசறீங்க? எங்க அக்கா காசெடுக்கிற ஆளா? பஸ்ல டிக்கெட் கார்ட மெஷின்ல சரியா தட்டலையோன்னு பாதி வழியில எந்திரிச்சுப் போயி டிரைவர்கிட்ட கேக்கற ஆளு."

"அப்ப போனைக் குடுக்கச் சொல்லுங்க. பாத்துடுவோம்."

நான் போனைக் கொடுத்தேன். தயங்கவில்லை. தயங்கினால் என்ன நினைப்பார்களோ என்றுதான் உடனே கொடுத்தேன். அண்ணி என்னைப் பார்த்தபடி இருந்தார். அந்தப் பார்வையில் இன்னும் தீர்ப்பு எதுவும் இல்லை. கேட்கிற பார்வைதான்.

தங்கச்சி மகள் எழுந்து வந்து போனை அவர் கையிலிருந்து வாங்கினாள். அவள் அலுவலகத்தில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். "அங்கிள், வெய்ட் லா. அங்க தேடினா கிடைக்காது." எங்கெங்கோ தட்டினாள். அப்புறம் கேட்டாள். "பெரியம்மா, நீங்க எந்தக் கம்ப்யூட்டர்லயாவது இத ஓப்பன் பண்ணீங்களா?"

"எங்கிட்ட கம்ப்யூட்டர் ஏது?"

"இங்க காட்டுது பாருங்க. உங்க அக்கவுண்ட் வேற ஒரு கம்ப்யூட்டர்லயும் ஓப்பனா இருக்கு. மாமா தவறின அன்னியிலேர்ந்து. நீங்க எழுதறது, உங்களுக்கு வர்றது, எல்லாமே அங்கயும் தெரியும். உங்க பேர்ல அனுப்பலாம். அனுப்பிட்டு உங்க பக்கத்துல மட்டும் அழிச்சிடலாம்."

சுவரில் அண்ணனின் படம் மாலையோடு இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

"போட்டோக் கடை," என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிந்துவிட்டது. தங்கச்சி மகள் எதையோ அழுத்தினாள். "கட் பண்ணிட்டேன்," என்றாள். விரலை ஒரு தடவை தட்டியதுதான் வேலை.

துறைமுக நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மன்னிச்சிருங்கம்மா. நீங்க எழுதற மாதிரியே இருந்துச்சு. கவலையா இருக்குன்னு வேற போட்டிருந்தான்." அந்த ஆள், யாராக இருந்தாலும், உட்கார்ந்து என்னைப் படித்திருக்கிறான். நான் எப்படி ஆரம்பிப்பேன், எப்படி முடிப்பேன் என்று பார்த்திருக்கிறான். அவன் தமிழில் தப்பே இல்லை. என்னுடையதை விட நன்றாக இருந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். என் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. அண்ணிகூட, "சரி விடு, நீ என்ன செய்வ," என்றார். அந்த வார்த்தையை நான் காதால் கேட்டேன்.

அண்ணியின் தம்பிதான் மறுபடியும் போனை வாங்கினார். நல்லதுக்குத்தான் வாங்கினார். "வேற யார் யாருக்கு இந்த மாதிரி போயிருக்குன்னு பாத்துச் சொல்லிடுவோம். இல்லைன்னா இன்னும் அனுப்புவாங்க." மேலிருந்து ஒவ்வொரு பெயராகத் திறந்தார். முதலில் இருந்தது என் தங்கச்சியின் பெயர். தங்கச்சிக்கு நான் எழுதுவதில்லை. பேசித்தான் அனுப்புவேன். அதில் முழுக்க முழுக்க குரல் பதிவுகள், வரிசையாக. அவர் கட்டைவிரல் ஒன்றின் மேல் பட்டது.

என் குரல் கூடத்தில் கேட்டது.

"...கஞ்சி ஊட்டறேன்னு உக்காந்திருக்காங்க, ஆனா பாதி நேரம் கவனம் இங்க இல்ல. ஆஸ்பத்திரிக்குன்னு அண்ணன் எடுத்துக் குடுத்த காசு என்னாச்சுன்னே தெரியல. கேட்டா பில்லு பில்லுங்கிறாங்க. அதுல எவ்வளவு அவங்க தம்பி கைக்குப் போச்சோ, யாருக்குத் தெரியும். எனக்கு என்னமோ கவலையா இருக்குடி."

குரல் நின்றது. துறைமுக நண்பர் தன் கால் விரல்களைப் பார்த்தார். தங்கச்சி, "அது..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டாள். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கிற இயந்திரம் ஓடியது. நான் அந்தச் சத்தத்தைத்தான் கவனித்தேன். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கிற மாதிரி இருந்தது.

அண்ணி தம்பியிடம் சொன்னார். "இன்னொரு தரம் போடு."

"விடுக்கா."

"முழுசா கேக்கல. போடு."

அவர் போட்டார். இரண்டாவது தடவை ஆரம்பத்திலிருந்து கேட்டது. அண்ணி கடைசி வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டார். டாக்டர் சொல்வதைக் கேட்கும்போது அவர் தலை அப்படித்தான் சாயும்.

அதற்குப் பிறகு எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வடையும் பாயசமும் போட்டு எடுத்து வந்து நண்பரிடம் கொடுத்தார். "டப்பாவைத் திருப்பிக் குடுக்கணும்னு அலையாதீங்க," என்றார். அண்ணியின் தம்பி என் போனை என் மடியில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை.

போலீஸில் புகார் கொடுக்கத் தங்கச்சி மகள் கூட வந்தாள். இங்கிலீஷில் அவள்தான் பேசினாள். பணம் அனுப்பியவர்களுக்கெல்லாம் அவளே போன் செய்து, யார் எவ்வளவு என்று கேட்டு எழுதினாள். மூவாயிரத்து நூற்று அறுபது வெள்ளி. உறவில் சிலர், மீதி துறைமுகத்து ஆட்கள். அதிகாரி பொறுமையானவர். பணம் போன வங்கிக் கணக்கே யாரோ காசுக்காகத் திருடனுக்கு வாடகைக்கு விட்டதாக இருக்கலாம் என்றார், விசாரிக்கிறோம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். நான் தலையாட்டினேன். வேறு எதுவும் கேட்க வேண்டுமா என்றார். ஒரு கேள்வி இருந்தது. அந்த ஆள் என் குரல் பதிவுகளையும் கேட்டிருப்பானா? ஆனால் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

கேட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அண்ணனின் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் அதில் இருந்தன. என் அடையாள அட்டையின் படம் இருந்தது. தங்கச்சிக்கும் அவள் கணவருக்கும் நடந்த சண்டை இருந்தது. எனக்கு மாதவிடாய் நிற்கிற காலத்தில் வந்த தொந்தரவுகள் எல்லாம் இருந்தன. யாரோ ஒருவனுக்கு என்னைப் பற்றி என் கணவரைவிட அதிகமாகத் தெரியும். நான் குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அரிசி கொதிக்கிற நேரத்தில் போனை எடுத்து, வேறு எந்தக் கம்ப்யூட்டராவது சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. அடுத்து பருப்பு கொதிக்கும்போது மறுபடியும் பார்ப்பேன்.

அந்தக் கடைக்கும் ஒரு தடவை போனேன். சண்டை போட இல்லை. ஏன் போனேன் என்றே தெரியவில்லை. கடைக்காரரிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"ஐயோ ஆன்ட்டி. ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வந்து அதுல உக்கார்றாங்க. யாருன்னு சொல்றது? போலீஸும் வந்து கேட்டாங்க. வேலை முடிஞ்சா அக்கவுண்ட்லேர்ந்து வெளியே வந்துடுங்கன்னு போர்டு வச்சிருக்கோமே."

போர்டு இருந்தது. திரைக்கு மேலே, இங்கிலீஷில், சிவப்பு எழுத்தில். அன்றைக்கும் இருந்திருக்கும்.

அப்போது அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பெண் போனைக் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பெயர்களும் பேச்சுகளும் திரையில் வரிசையாக வந்து நின்றன. நான் பக்கத்தில் போய், "முடிச்சதும் மறக்காம அதிலேர்ந்து வெளிய வந்துடுங்கம்மா," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கைப்பையை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அண்ணி வீட்டுக்கு நான் தனியாகப் போனது அதற்குப் பிறகுதான். தங்கச்சி வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். என்ன பேசுவது என்று ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அண்ணி கம்பிக் கதவைத் திறந்து உள்ளே விட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"தங்கச்சிகிட்ட மட்டும்தான் அண்ணி சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லல," என்றேன். ரயிலில் பார்த்த ஒத்திகையில் இது கடைசியில்தான் வர வேண்டும்.

"அது எனக்குத் தெரியுது."

"எனக்கு எப்பவுமே இப்படித்தான். கவலை வந்தா எதையாவது பேசிடறது. உங்கள அப்படி நெனைக்கல."

"நெனச்சுதானே பேசின." அண்ணி கோபமாகப் பேசவில்லை. மார்க்கெட்டில் மீன் விலை கேட்கிற குரலில்தான் பேசினார். "எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல? பில்லெல்லாம் அந்த டிராயர்லதான் கெடக்கு. ஒரு நாள் இழுத்துப் பாத்திருக்கலாம். நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

நான் டிராயரைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன்.

"என்னைக்குப் பேசினன்னுகூட எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார் அண்ணி. "உங்க அண்ணனுக்குக் கஞ்சி குடுத்துக்கிட்டு இருந்தேன். முழுங்க முடியாம கஷ்டப்பட்டாரு. நீ இதே சோபாவுல உக்காந்து போனை வாய்கிட்ட வச்சு மெதுவா பேசிக்கிட்டு இருந்த. தங்கச்சிகிட்ட அண்ணனப் பத்திச் சொல்லி அழறன்னு நெனச்சேன். பாவம்னு நெனச்சு, காப்பி போட்டுக் குடுத்தேன்."

குடித்தேன். எனக்கும் ஞாபகம் இருந்தது. சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

திருடனைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அவனை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது.

கிளம்பும்போது சொன்னேன். "திருடு போன காச நான் குடுத்துடறேன் அண்ணி."

இப்படிச் சொன்னால் நம் வீடுகளில் என்ன பதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். சும்மா இரும்மா, என்ன பேச்சு இது, நீயா எடுத்த, நமக்குள்ள என்ன காசு. இரண்டு தடவை வற்புறுத்த வேண்டும், மூன்று தடவை மறுக்க வேண்டும். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போகும். கொடுக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்தால் நாங்கள் இன்னும் ஒரே வீட்டு ஆட்கள் என்று அர்த்தம்.

"சரி," என்றார் அண்ணி.

நான் செருப்பில் காலை நுழைத்தபடி நின்றேன்.

"துறைமுகத்துல போட்டவங்க எனக்குன்னு போட்டது. அவங்ககிட்ட வந்து சேந்துச்சுன்னு நான் சொல்லணும்ல," என்றார். "மாசம் எவ்வளவு தருவ?"

"நூத்தம்பது தரட்டுமா?"

"குடு. ஆனா போன்ல அனுப்பாத. கையில கொண்டாந்து குடு."

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நான் பொங்கோலுக்குப் போகிறேன். நான் இருக்கும் சிராங்கூனிலிருந்து ரயில், அப்புறம் பொங்கோலுக்குள்ளேயே சுற்றும் சின்ன ரயில், அப்புறம் நடை. உறைக்குள் மூன்று ஐம்பது வெள்ளி நோட்டு. முன்னெல்லாம் அண்ணி தினமும் காலையில் பூப்படம் ஒன்றை எல்லாருக்கும் தனித்தனியாக அனுப்புவார், ரோஜாவோ தாமரையோ, கீழே நல்ல நாள் ஆகட்டும் என்று. இப்போது குடும்பக் குழுவில் எனக்கும் சேர்த்து வருகிறது. எனக்குத் தனியாக வருவதில்லை. தங்கச்சியும் நானும் குரல் பதிவு அனுப்பிக்கொள்வதில்லை. ஏதாவது இருந்தால் அவள், "நேர்ல வா, சொல்றேன்," என்கிறாள். நேரில் போனால் இரண்டு பேருக்கும் சொல்ல எதுவும் இருப்பதில்லை.

முதல் மாதங்களில் அண்ணி கம்பிக் கதவைத் திறக்காமலேயே கையை நீட்டி வாங்கினார். என் முன்னாலேயே உறையைத் திறந்து எண்ணினார். மூன்று நோட்டை எண்ண அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் எண்ணினார். நான் நின்றேன். "சரி," என்பார். நானும் சரி என்பேன். கீழே இறங்கி வந்து பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

கணவருக்கு இது பிடிக்கவில்லை. "வருஷக் கடைசியில போனஸ் வருதுல்ல. மொத்தமா குடுத்து முடிச்சிரு. எதுக்கு மாசா மாசம் போய் அந்தக் கதவுகிட்ட நிக்கற?" என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். போனஸ் வந்தது. குளிர்சாதனப் பெட்டி பழசாகிவிட்டது என்று சொல்லி அந்தப் பணத்தை எடுத்து வைத்தேன். பெட்டி இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது.

போன தடவை போனபோது நல்ல மழை. நடைபாதையில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி உள்ளேயிருந்து பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். "செருப்ப உள்ள வையி, நனையும்," என்றார். செருப்பை உள்ளே வைத்தேன். நானும் வாசற்படிக்கு உள்ளே நின்றேன். சோபா வரைக்கும் போகவில்லை, அவரும் வா என்று சொல்லவில்லை. மழை விடும் வரைக்கும் அவர் கதவுக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்தார். நான் நின்றேன். போலீஸிடமிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்படியேதான் இருக்கிறது என்றேன். மழை விட்டது. உறையைக் கொடுத்தேன், எண்ணினார்.

ஏழு மாதம் கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து வெள்ளி பாக்கி.